மாத்திரை போட்டியா?

மாத்திரை விழுங்க எனக்குச் சிறு வயதிலிருந்தே வராது. தண்ணீர் இறங்கிவிடும், மாத்திரை நாக்கிலேயே நிற்கும். காய்ச்சல் வந்தால் அம்மா அதை வாழைப்பழத்துக்குள் வைத்து ஊட்டுவாள். நான் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுவேன். இன்றும் தலைவலித்தால் தைலம்தான். அதனால், மேடம், ஒருவன் மாத்திரையைத் தேடித் தேடிப் போவான் என்பது எனக்கு நெடுநாள் விளங்காத விஷயமாக இருந்தது. விளங்கிக்கொள்ள நான் முயற்சி எடுத்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் நீலமேகம். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் மேற்பார்வையாளர். கப்பலில் ஏற்ற லாயக்கில்லாத பெட்டிகள் எங்களிடம் வரும். ஓட்டை அடைப்போம், நெளிந்த கதவைத் தட்டி நிமிர்த்துவோம். வீடு திருவொற்றியூரில். அங்கே இளம்புயல் கபடிக் குழுவுக்கு நான்தான் கோச். அதற்குச் சம்பளம் கிடையாது.

வல்லரசு என் மனைவி செங்கொடியின் தம்பி. நீங்கள் அவனை டிவியில் பார்த்திருப்பீர்கள். வியாசர்பாடியில் அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவன் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. செங்கொடி அவனுக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் எனக்கு வைப்பாள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

கபடியில் எதிரணிப் பக்கம் ஏறிப் போகிறவன் 'கபடி கபடி' என்று விடாமல் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு இழுத்தால் அவுட். நாங்கள் அதைப் பாட்டு என்போம். மற்ற கோச்சுகள் ஆட்டக்காரனின் காலைப் பார்ப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்பேன். பாட்டு நடுங்கினால் அவன் பயந்திருக்கிறான். வேகம் கூடினால் மூச்சு தீரப் போகிறது. வல்லரசுவின் பாட்டை அவன் மீசை முளைக்காத காலத்திலிருந்து நான் கேட்டிருக்கிறேன். அவனுக்கு வயிறு சரியில்லை என்பதைக்கூட அதில் கண்டுபிடித்துவிடுவேன்.

ஒரு மாவட்டப் போட்டியில் அவனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. மறுநாள் இறுதி ஆட்டம். குழுவில் ஜுபைர் என்று ஒருவன், மருந்துக் கடையில் வேலை. அவன்தான் வலி மாத்திரை கொண்டுவந்தான். அதை வல்லரசுவின் உள்ளங்கையில் வைத்தது நான். இதை நான் மறைக்கவில்லை. எந்தக் கோச்சும் செய்வதுதான். கோப்பை எங்களுக்கு வந்தது.

அன்றுதான் முதன்முதலாக அவன் பாட்டு நீண்டது. அந்த மாத்திரை வலியை மட்டும் அடக்குவதில்லை, மூச்சுக்கு உள்ள அவசரத்தையும் அடக்குகிறது. நெஞ்சு காற்றைக் கேட்காது. மற்றவர்கள் தவிக்கும் இடத்தில் அவன் நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தான். அந்த நீண்ட பாட்டுதான் அவனைப் பெரிய லீக்குக்குக் கொண்டுபோனது. வடக்கே ஓர் அணி. அங்கே தோள் மறுபடி இறங்கியது, மறுபடி மாத்திரை. பிறகு அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ள யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினான். தடை போட்டு அனுப்பிவிட்டார்கள். சென்ட்ரலில் நான்தான் போய் அழைத்துவந்தேன். மின்சார ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கினான்.

தண்டையார்பேட்டையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். டாக்டர் மாயா என்று ஒரு பெண். என்னையும் செங்கொடியையும் உட்காரவைத்து விளக்கினார்.

"இது குணக்கேடு இல்ல சார். நோய். சர்க்கரை மாதிரின்னு வச்சுக்கங்க. அடங்கும், திரும்ப வரும். திரும்ப வந்தா அவரு உங்கள ஏமாத்துறாருன்னு அர்த்தம் இல்ல."

செங்கொடி அழுதாள். நான் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். நோய். என் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. கால் விரலில் புண் வந்தது, ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுத்தார்கள். வெட்டிய டாக்டரை அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நோய் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் அதை நோய் என்று ஒத்துக்கொண்ட ஒரே ஆண்பிள்ளை நானாகத்தான் இருக்கும். மற்றவர்கள் கேலி செய்தார்கள். ஷிபின் என்று ஒருவன், முன்பு என் குழுவில் ஆடியவன். டீக்கடையில் வைத்துக் கேட்டான்.

"இன்னா மாமு, உன் மச்சான் டிவில வர்றதில்லியா? ஊசி ரவுண்டுல அவுட்டாமே?"

அவனை உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினேன். இது ஒரு நோய், சர்க்கரை மாதிரி என்றேன்.

"நோவா? அப்போ எனுக்கு பிரியாணி நோவு கீது மாமு. டெய்லி வந்துகினே கீது. எந்த ஆஸ்பத்திரில சேக்கப்போற?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கையில் இருந்த டீ கிளாஸை அவன் வாயில் வைத்து அடித்தேன். கிளாஸ் உடைந்தது. கீழுதடு நடுவில் பிளந்து, பல் வேர்வரை தெரிந்தது. பெஞ்சிலிருந்து விழுந்தவனை மேலும் இரண்டு உதை உதைத்தேன். அதன் பிறகு அந்தத் தெருவில் யாரும் வல்லரசுவைக் கேலி செய்யவில்லை. குணமாகி வருகிறவனுக்கு அக்கம்பக்கத்தின் ஆதரவு முக்கியம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

மையத்திலிருந்து வந்து சில மாதம் அவன் நன்றாகத்தான் இருந்தான். பிறகு ஒரு காலை குளியலறைக் கதவு நெடுநேரம் திறக்கவில்லை. உள்ளே தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. தோளால் இடித்து உடைத்தேன். வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். வாயில் துண்டின் ஒரு முனை, மறுமுனை கையில் இறுக்கியிருந்தது. ஊசி இன்னும் கையில் நின்றது.

"ஒரே ஒரு தபா மாமா. தோளு தாங்கல."

நோய் திரும்ப வரும் என்று டாக்டர் சொன்னது சரியாகிவிட்டது. எனக்குக் கோபம் இல்லை. அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன், அவன் நடக்கும் நிலையில் இல்லாததால். மையத்தில் ஒரு தடவை பார்த்தாகிவிட்டது. இந்தத் தடவை வேறு வைத்தியம் வேண்டும் என்று எனக்குப் பட்டது.

யார்டின் கடைசி வரிசையில் பழுது பார்த்து முடித்த இருபதடிப் பெட்டி ஒன்று காலியாக இருந்தது. முதலாளி அந்தப் பக்கம் வருவதில்லை. உள்ளே பாய், தண்ணீர் கேன், பிஸ்கட், ஒரு வாளி எல்லாம் வைத்தேன். காற்று வரத் தரையோரம் ஓர் ஓட்டை விட்டிருந்தேன். செங்கொடியிடம் காஞ்சிபுரத்தில் ஒரு நல்ல மையத்தில் சேர்த்திருப்பதாகச் சொன்னேன்.

முதலில் கெஞ்சினான். அப்புறம் என்னைத் திட்டினான், என் அம்மாவைத் திட்டினான். வாந்தி எடுத்தான், வயிறு போனது. நகத்தால் கதவைப் பிறாண்டியதில் இரண்டு நகம் போயிற்று. ஒரு மதியம் சத்தத்தின் சுருதி மாறியது. திறந்து பார்த்தால் நெற்றியைச் சுவரில் இடித்துக்கொண்டிருக்கிறான். சரக்கு கட்டும் பெல்ட்டால் அவனைத் தரை வளையத்தோடு சேர்த்துக் கட்டினேன். என் கட்டைவிரலைக் கடித்தான். பாருங்கள், நகம் இன்னும் சரியாக வளரவில்லை. அவன் தாடையில் முஷ்டியால் குத்தினேன். வாயைத் திறக்கவைக்க வேறு வழியில்லை.

அது பலன் தந்தது, மேடம். நான் அவனை வெளியே கொண்டுவந்தபோது அவன் உடம்பில் ஒரு துளி விஷம் இல்லை. ஒரு கைக்குழந்தைபோல வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான். குளிப்பாட்டி, இட்லி வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

செங்கொடி அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். அவனை உள்ளே படுக்கவைத்துவிட்டு வந்தாள்.

"டப்பாவுல போட்டு பூட்னியா என் தம்பிய?"

"வைத்தியம்."

"நோவு நோவுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறியே. நோவாளிய எவனாவது பூட்டுவானாய்யா?"

"கொரோனால பூட்டல?"

சோற்றுத் தட்டை எடுத்து என் முகத்தில் வீசினாள். நான் திருப்பி அடித்தேன், ஒரு முறைதான். அந்தக் காது அவளுக்கு இப்போதும் சரியாகக் கேட்பதில்லை என்று உங்களிடம் சொல்லியிருப்பாள். அதன் பிறகு அவள் என்னோடு அதிகம் பேசியதில்லை. வீடு அமைதியாக இருந்தது.

டாக்டர் மாயா ஒரு நாள் போன் செய்தார். தினமும் ஒன்று எடுத்துக்கொண்டால் போதையே ஏறவிடாமல் தடுக்கிற மருந்து இருப்பதாகவும், வல்லரசுவை அழைத்து வரும்படியும் சொன்னார். "மாத்திரைக்கு மாத்திரையா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வீட்டில் இனி எந்த மாத்திரையும் இருக்கக் கூடாது என்று இருவரிடமும் சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் சிறு வயதில் அப்படி இல்லை. ஆனால் இப்போது எங்கள் தெருவில் மாத்திரை என்றால் ஒன்றுதான். காய்ச்சலுக்கு வாங்குவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'டேப்லட்டு' என்பார்கள், அல்லது 'ஜுரத்துக்கு இன்னாவது குடு' என்று கேட்பார்கள். 'மாத்திரை போட்டான்' என்றால் அவன் போய்விட்டான் என்று அர்த்தம். நேற்று உங்கள் ஏட்டையா யாரையோ 'மாத்திரை கேஸு' என்றார். நீங்கள் என்ன கேஸ் என்று கேட்கவில்லை.

தடை முடிந்தது. வல்லரசு மறுபடி ஆடத் தொடங்கினான். வடக்கு அணியிலிருந்து அவனைப் பார்க்க ஒருவர் வருவதாகத் தகவல். போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் மைதானத்தில் காத்திவாக்கம் குழுவோடு ஓர் ஆட்டம் வைத்தோம். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வல்லரசு தேர்வாகிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். செங்கொடிகூட மைதானத்துக்கு வந்திருந்தாள், என்னிடமிருந்து தள்ளி நின்றுகொண்டு.

இரண்டாவது பாதியில் அவன் ஏறினான். நான் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாட்டு நீண்டது. எங்கேயும் நடுங்கவில்லை, வேகம் கூடவில்லை. எதிரணியில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, கோட்டைத் தாண்டித் திரும்பி, திரும்பிய பிறகும் விளையாட்டாகப் பாடிக்கொண்டே எங்கள் பையன்களைச் சுற்றி வந்தான். எல்லோரும் விசிலடித்தார்கள். நாற்காலிக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அப்படி அவசரமில்லாத மூச்சை நான் முன்பு கேட்டிருக்கிறேன். அது எதனால் வரும் என்று எனக்குத் தெரியும்.

ஆட்டம் முடிந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனேன்.

"பாட்டு நீளமா கீதே இன்னிக்கு."

"கேட்டுகினியா? உனுக்குதான் மாமா தெரியும். மத்தவன்லாம் பாயிண்ட்டத்தான் எண்ணுவான்."

"மாத்திரை போட்டியா?"

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"அக்கா சொல்ட்ச்சா?"

"ம்."

"போட்டேன் மாமா. காத்தாலயே போட்டுட்டுதான் வந்தேன். டெய்லி போடறேன். நீ பேஜாரு பண்ணுவியோன்னுதான் சொல்லல. கோவமா?"

"இல்ல."

"கோவம் இல்லன்னு சொல்லும்போதுதான் மாமா நீ டேஞ்சரு," என்று ஈரக்கையால் என் கன்னத்தைக் கிள்ளினான்.

அவன் முகத்தில் வெட்கம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. செங்கொடியும் சேர்ந்துகொண்டாள் என்று தெரிந்தது. அக்காவே வாங்கிக் கொடுக்கிறாள். நோய் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டது.

யார்டில் ஒரு கதவைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும், வா என்றேன். உடனே வந்தான். அவனுக்கு அன்று யாருக்காவது எதையாவது செய்துகொடுக்க வேண்டும் போலிருந்தது. என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மணலி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தான். தேர்வான மாதிரிதான், அக்காவுக்கு நல்ல காது டாக்டரைப் பார்க்க வேண்டும், இந்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போவான், விமானத்தில் ஜன்னலோரம் எனக்கு. டேங்கர் லாரிகளின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

நான் யோசித்துக்கொண்டே ஓட்டினேன். மாத்திரை எதற்கு? வலிக்கு. வலி எதனால்? ஆட்டத்தால். ஆட்டம் எதனால்? கால் இருப்பதால். மையத்திலும் பெட்டியிலும் நாங்கள் கிளையைத்தான் வெட்டியிருக்கிறோம். அப்பாவின் விரலை எடுத்துவிட்டுப் பாதத்தை விட்டுவைத்த முதல் டாக்டரைப் போல.

ஞாயிற்றுக்கிழமை யார்டில் யாரும் இல்லை. வாசலில் டீக்கடை அடைக்கலமேரி மட்டும். வல்லரசு அவளுக்கு வணக்கம் வைத்தான். கடைசி வரிசைக்குப் போனோம். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவன் நடை கொஞ்சம் தயங்கியது.

"இத்த இன்னும் விக்கலியா மாமா? எம்பேர எழுதி வெச்சிருவாங்க போல."

கீழ்க் கீல் எப்படி இருக்கிறது பார் என்றேன். குனிந்தான். கப்பலில் பெட்டிகளை இழுத்துக் கட்டும் இரும்புக் கம்பி ஒன்று சுவரில் சாய்த்திருந்தது. என் உயரம் இருக்கும். நடுவில் பிடித்துக்கொண்டு, வலது முழங்காலில் பக்கவாட்டில் அடித்தேன்.

முதலில் அவன் கத்தவில்லை. கீழே கிடந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். தப்பாட்டம் ஆடிவிட்டார்கள், நடுவர் இப்போது விசில் ஊதுவார் என்று காத்திருப்பவன் மாதிரி. பாதி உடைந்தால் இந்தக் காலத்தில் ஒட்டவைத்துவிடுகிறார்கள். அதனால் மறுபடி அடித்தேன். காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். பாதத்தை மிதித்துக்கொண்டு மூன்றாவது அடி அடித்தேன். அப்போது கால் பக்கவாட்டில் மடிந்தது, கதவு மடிவதுபோல. இனி அது ஆடாது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். தேவைக்கு மேல் ஓர் அடிகூட அடிக்கவில்லை.

"இன்னாத்துக்கு மாமா? நான் இன்னா பண்ணேன்?"

"இனிமே உனுக்கு மாத்திரை வாணாம்," என்றேன்.

அப்புறம் அவன் கத்தத் தொடங்கினான்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்ல போனைக் கையில் எடுத்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். எடுத்த பிறகுதான் ஒன்று தோன்றியது. இப்படி ஒரு காலோடு யார் போனாலும் ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக வலிக்கு ஊசி போடுவார்கள். அவன் தேடிப் போன அதே வகை மருந்து. அதைவிட வீரியமானது. நான் வேரோடு பிடுங்கியதை அவர்கள் பத்து நிமிடத்தில் திரும்ப நட்டுவிடுவார்கள். போனைப் பையில் போட்டேன். அக்குளில் கை கொடுத்து அவனைப் பெட்டிக்குள் இழுத்துப் போட்டேன். ஈரச் சாக்கை முழங்கால்மேல் சுற்றினேன். தண்ணீர் வைத்தேன். அவனுடைய போனை எடுத்துக்கொண்டு கதவைத் தாழிட்டேன். முதல் வலி தாண்டிவிட்டால் பிறகு கூட்டிப் போகலாம் என்பது என் எண்ணம்.

டீ வாங்கப் போனேன். அடைக்கலமேரி கேட்டாள்.

"இன்னாண்ணே, உள்ள யாரோ அலர்றா மாதிரி கீது?"

"கதவு நிமித்துறோம்மா. இரும்பு கத்துது."

"ஞாயித்துக்கெழமயுமா? ஏன், வூட்ல அண்ணி சோறு போட மாட்டேன்ட்டாங்களா?"

"அப்டித்தான்."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். இரண்டு டீ வாங்கினேன், ஒன்று அவனுக்கு. கதவைத் திறந்து உள்ளே வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை.

வெயில் ஏறியது. அந்தப் பெட்டிகள் மதியத்தில் எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியாது. நான் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தரையோரத்து ஓட்டையிலிருந்து அவன் குரல் வந்தது. கத்துவதை நிறுத்திவிட்டு, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"மாமா, கேளு. மாத்திரைன்னா அந்த மாத்திரை இல்ல. டாக்டரம்மா குடுத்த மாத்திரை. அத்த போட்டா ஊசி குத்திக்கினாகூட ஏறாது. அக்காதான் உனுக்குத் தெரியாம டெய்லி காத்தால குடுக்குது. இன்னிக்கு உன்னாண்ட சொல்லிட்றேன்னு சொல்ட்ச்சு. அதான் நீ கேட்டப்போ சொன்னேன். அக்காவுக்கு போன் போடு. ஒரே ஒரு போன் மாமா."

பொய் சொல்வது இந்த நோயின் ஓர் அறிகுறி என்று டாக்டர் மாயாவே சொல்லியிருக்கிறார்.

"அப்போ பாட்டு எப்டி நீண்டுச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓட்றேன் மாமா. காத்தால நீ எழுந்துக்க முன்ன. கடலோரமா எண்ணூர் வரிக்கும் ஓடிட்டு வரேன். கேட்டுப்பாரு, அந்தக் குப்பத்து ஆளுங்கள கேட்டுப்பாரு."

கொஞ்ச நேரம் கழித்து, கால் சில்லென்று ஆகிறது, பாதம் இருப்பதே தெரியவில்லை என்றான். அந்த வெக்கையில் சில்லென்று இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? முழங்காலுக்குப் பின்னால் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருந்தது என்று பிரேதப் பரிசோதனை செய்தவர் சொன்னதாக நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் டாக்டர் இல்லை.

பிறகு அவன் ஒன்று செய்தான். அதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"சரி மாமா. என்ன நம்பாத. பாட்டக் கேளு. உங்காத நம்புவ இல்ல? மாத்திரை போட்டவன் பாட்டு நடுங்காதுன்னு நீதான சொல்லுவ. கேளு."

பாடினான். கபடி கபடி என்று. நாற்காலியை ஓட்டைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. ஒவ்வொரு கபடிக்கும் நடுங்கியது. நாலு சொல்லுக்கு ஒரு தடவை அறுந்தது. நெஞ்சு காற்றைக் கேட்டுக் கேட்டு இழுத்தது. மாத்திரை போட்டவனுக்கு அந்தத் தவிப்பு வராது. வலியும் அப்படித் தெரியாது. உடம்பில் எதுவும் இல்லாத ஒருவன் மட்டுமே அப்படிப் பாட முடியும்.

என் காது தப்பாகக் கேட்டதில்லை. காலையிலும் அது சரியாகத்தான் கேட்டது. நீளமான, நல்ல மூச்சு. அதற்குக் காரணத்தை நான் தேடிக்கொண்டேன்.

திரும்பத் திரும்பப் பாடினான். நடுவில், "கேக்குதா மாமா?" என்றான். "கேக்குது," என்றேன். பிறகு சொல் குழறியது. கபடி என்பது வெறும் காற்றானது. வெயில் இறங்கும் நேரத்தில் அதுவும் நின்றது. நான் திறந்தபோது முகம் ஓட்டையின் பக்கம் இருந்தது. துடைத்துவிட்டேன். அடைக்கலமேரியின் கடை மூடியிருந்தது. என் வண்டியில்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

டாக்டர் மாயா இங்கே வந்து, செங்கொடி தினமும் கொடுத்தது தன்னுடைய மருந்துதான் என்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். நல்லது. அந்த அம்மா மனசாட்சி உள்ளவர். நோய் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை இருந்ததில்லை.

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். காலை உடைத்தது நான். பூட்டியது நான். அவன் சொன்னது உண்மை என்று பாட்டைக் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது அவனுக்கு உயிர் இருந்தது, போன் என் பையில் இருந்தது. செங்கொடியைக் கூப்பிட ஏன் தோன்றவில்லை என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். தோன்றாமல் இல்லை, மேடம். கூப்பிட்டிருந்தால் அவள் 'ஆமாம்' என்று சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகு என்னால் அவனுக்கு வைத்தியம் பார்க்க முடிந்திருக்காது.